வளையப் பாவாடை: அமெரிக்கத் தெற்கின் ஆடையும் அடிமை நினைவும்

2009ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பராக் ஒபாமாவின் பதவியேற்பு அணிவகுப்பு நடைபெற்றது. அமெரிக்காவின் முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவர் பார்வையிட்ட அந்த அணிவகுப்பில், அலபாமா மாநிலத்தின் துறைமுக நகரான மொபீலிலிருந்து வந்த இளம்பெண்கள் குழு ஒன்றும் நடந்து சென்றது. ‘அசேலியா டிரெயில் மெய்ட்ஸ்’ என்பது அக்குழுவின் பெயர். பள்ளி இறுதியாண்டு மாணவியரிலிருந்து ஆண்டுதோறும் 50 பேர் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வெளிர்நீலம், இளம்பச்சை, இளஞ்சிவப்பு என மென்னிறங்களில், அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்துக் குடைபோல் விரிந்து நிற்கும் பாவாடை. அதற்கு இணையான தொப்பி. கையில் சிறு குடை. 1850களின் தெற்கத்திச் சீமாட்டியின் கோலம் இது.

அணிவகுப்புக்கு முன்பே சர்ச்சை எழுந்தது. நிறமுடைய மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் அலபாமா மாநிலத் தலைவர், இவ்வுடை பண்ணை அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று கண்டித்தார். மொபீல் நகரத்தாருக்குக் கடுஞ்சினம். அக்குழுவில் கறுப்பின மாணவியரும் இருந்தனர் என்பதைச் சுட்டிக்காட்டி, நகரின் விருந்தோம்பலுக்கான அடையாளமே அன்றி வேறொன்றுமில்லை என்று வாதிட்டனர். பெண்கள் நடந்தார்கள், அணிவகுப்பு முடிந்தது. கேள்வி முடியவில்லை. ஒரு காலத்தின் ஆடை, அக்காலத்தின் கொடுமைக்கும் சின்னமாகுமா? அதை இன்று உடுத்துவது இன்னொரு மக்களை இழிவுபடுத்துவதாகுமா?

இக்கேள்வியை ஆராய்வோர் முதலில் ஒரு செய்தியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெற்கத்தி உடை என்று இன்று அறியப்படும் வளையப் பாவாடை தெற்கில் தோன்றியதே இல்லை.

பாவாடையை அகலமாக்கும் ஆசை ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதற்காகப் பெண்கள் பல உட்பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தனர். குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான துணியும் பயன்பட்டது. அந்த மயிரின் பிரெஞ்சுப் பெயரிலிருந்தே ‘கிரினோலின்’ என்ற சொல் பிறந்தது. 1856ஆம் ஆண்டளவில் எஃகு வளையங்களை நாடாக்களால் தொங்கவிட்டுக் கூண்டுபோல் அமைத்த உட்பாவாடைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. எடை குறைந்தது, கால்கள் விடுதலை பெற்றன, அகலம் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகியது. பிரான்சின் பேரரசி யூஜினி அணிந்தார்; உலகம் பின்பற்றியது. லண்டன் நகைச்சுவை இதழ்களுக்கு ஆண்டுக்கணக்கில் தீனி கிடைத்தது. அமெரிக்காவில் இதைப் பெருமளவில் உற்பத்தி செய்த ஆலைகள் நியூயார்க்கில் இருந்தன. எப்படி உடுத்த வேண்டும் என்று பெண்களுக்குப் படம் போட்டுச் சொன்ன ‘கோடேஸ் லேடிஸ் புக்’ என்னும் இதழ் பிலடெல்பியாவிலிருந்து வந்தது. அடிமை முறையை எதிர்த்த வடபுலத்துப் பெண்களும் இதையே அணிந்தனர். ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியின் பாவாடை எந்தப் பண்ணைச் சீமாட்டியின் பாவாடைக்கும் அகலத்தில் குறைந்ததன்று.

ஆகவே, வளையப் பாவாடையின் வெட்டிலோ தையலிலோ இனவெறி எதுவும் இல்லை. இந்த உடைக்காக வாதாடுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ‘ஆடை வெறும் ஆடைதான், அதற்கு இனச் சாயம் பூசுவது இன்றைய விமரிசகர்களின் வேலை’ என்பது அவர்கள் கூற்று.

இக்கூற்றைத் தெற்கின் சட்டப் புத்தகங்களே மறுக்கின்றன.

தென் கரோலினாக் குடியேற்றத்தில் 1735ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடிமைகள் எந்தெந்தத் துணிகளை உடுத்தலாம் என்று அது பட்டியலிட்டது. 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின், 1740இல் வந்த விரிவான அடிமைச் சட்டத்திலும் அப்பட்டியல் இடம்பெற்றது. அடிமைகள் பலர் தம் நிலைக்கு மிஞ்சிய ஆடைகளை உடுத்துகின்றனர், அவற்றைப் பெறத் தீய வழிகளை நாடுகின்றனர் என்பது சட்டம் சொன்ன காரணம். முரட்டுக் கம்பளி, ஆஸ்னபர்க் என்னும் சொரசொரப்பான சணல்நார்த் துணி, நீலநிற லினன், கட்டம்போட்ட பருத்தி, மலிவான காலிக்கோ ஆகிய இவற்றுக்கு மேற்பட்ட துணி எதுவும் அடிமையின் உடலில் இருக்கக் கூடாது. இருந்தால் காவலர் அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தது எடுத்தவருக்கே சொந்தம். (கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிக்கோ இப்பட்டியலில் இடம்பெறுவது கடல்வணிகத்தின் விந்தைகளுள் ஒன்று.)

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. எசமானின் சீருடை அணிந்த வீட்டுப் பணியாளர்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. பட்டும் சரிகையும் அடிமையின் உடலில் எசமானின் செல்வத்தைக் காட்டுமாயின் அனுமதி உண்டு. அடிமையின் சொந்த விருப்பத்தைக் காட்டுமாயின் குற்றம். துணிக்கும் தோல் நிறத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லூசியானாவிலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த நியூ ஆர்லியன்ஸில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின, கலப்பினப் பெண்கள் அணிமணிகளோடும் இறகுகளோடும் எழிலுற நடமாடினர். வெள்ளைப் பெண்களிடமிருந்து அவர்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் 1786இல் ஆளுநர் எஸ்தபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அப்பெண்கள் தலையில் இறகும் நகையும் சூடலாகாது. கூந்தலைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்றது அந்த ஆணை. ‘டிக்னோன்’ எனப்பட்ட அத்தலைக்கட்டு தாழ்வின் அடையாளமாக இருக்க வேண்டும் என்பது ஆளுநரின் கணக்கு. கணக்குத் தவறியது. பெண்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத் துணிகளைத் தேடி எடுத்து, மடிப்பு மடிப்பாக உயர்த்திக் கட்டி, ஆணையையே அலங்காரமாக்கிவிட்டனர். அவர்கள் பெரிதும் விரும்பிய துணி சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கட்டம்போட்ட பருத்தித் துணி. அதன் பெயர் ‘மதராஸ்’. கைலித் துணியின் நெருங்கிய உறவு. தமிழ் நெசவாளரின் தறியில் பிறந்த கட்டங்கள், கடல்கடந்து, ஒரு கறுப்பினப் பெண்ணின் தலையில் இழிவைச் செருக்காக மாற்றும் கருவியாயின. தெற்கத்தி உடை வரலாறு என்று எழுதப்படும் நூல்களில் வளையப் பாவாடைக்கு இருக்கும் இடத்தில் பாதியாவது இந்தத் தலைக்கட்டுக்கு இருந்திருக்கலாம்.

எஞ்சிய பெரும்பான்மைக்கு வாய்த்தது ‘நீக்ரோத் துணி’. அதுவே அதன் வணிகப் பெயர். அத்துணியில் பெரும்பகுதியை நெய்தவை வடக்கே இருந்த ரோட் ஐலண்டு மாநிலத்தின் ஆலைகள் என்பதும் மறக்கத்தக்கதன்று. அடிமை முறையைப் பழித்த பகுதியே அடிமைகளுக்கான துணியை விற்று வாழ்ந்தது. மேரிலாந்துப் பண்ணையில் வளர்ந்த பிரெடரிக் டக்ளஸ், சிறுவயதில் முழங்கால்வரை தொங்கும் ஒரேயொரு முரட்டுச் சட்டையோடு கடுங்குளிரைக் கழித்ததைத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். வட கரோலினாவில் அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், 1861இல் வெளியான தம் நூலில், எசமானி ஆண்டுதோறும் கொடுத்த சணலும் கம்பளியும் கலந்த உடையை எவ்வளவு வெறுத்தார் என்று பதிவு செய்து, அதனை அடிமைத்தனத்தின் அடையாளச் சின்னங்களுள் ஒன்றாகவே குறிக்கிறார். பாவாடை சின்னமா இல்லையா என்று இன்று விவாதிப்போர், ஜேக்கப்ஸுக்கு இதில் ஐயமே இருந்ததில்லை என்பதைக் கவனிக்கலாம்.

உடைகளின் இந்த ஏணியில் மேற்படியில் இருந்த பட்டுப் பாவாடையைப் பல வீடுகளில் தைத்தவர் யார் என்ற வினாவுக்கு எலிசபெத் கெக்லியின் வாழ்க்கை விடை தருகிறது. 1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். தாயும் தையற்காரி. செயின்ட் லூயிஸ் நகரில் தம் ஊசியால் எசமானின் குடும்பத்தையே காப்பாற்றும் அளவுக்குத் தைத்துச் சம்பாதித்துக் கொடுத்தார். தமக்கும் மகனுக்கும் விடுதலை கேட்டபோது விலை 1,200 டாலர் என்றனர். அவரிடம் உடை தைத்துக்கொண்ட பெண்கள் கடனாகத் திரட்டிக் கொடுத்த பணத்தில் 1855இல் விடுதலையை வாங்கினார். பின்னர் அக்கடனைத் தைத்தே அடைத்தார். வாஷிங்டனுக்குச் சென்றதும் மிசிசிப்பி மாநிலத்துச் செனட்டர் ஜெபர்சன் டேவிஸின் மனைவி வரீனாவுக்கு உடை தைத்தார். போர் மூளப்போகிறது, தெற்கே தம்மோடு வந்துவிடு என்று வரீனா அழைத்தார். கெக்லி போகவில்லை. சில வாரங்களில் டேவிஸ் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானார். கெக்லி வெள்ளை மாளிகையில் மேரி லிங்கனின் உடையலங்காரரானார். எதிரெதிர்த் தரப்புகளின் இரு தலைவர்களுடைய மனைவியரின் உடல் அளவும் ஒரே தையற்காரியின் நினைவில் இருந்தது.

1861 ஏப்ரலில் லிங்கன் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டார். பாரிஸ் பட்டும் நியூயார்க் எஃகு வளையமும் வருவது குறைந்தது. கைத்தறியில் நெய்த முரட்டுத் துணியை உடுத்துவது தெற்கத்திப் பெண்களுக்குத் தேசப்பற்றின் அடையாளமாயிற்று. அதாவது, தெற்கு ஒரு தனி நாடாக இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் அதன் உண்மையான உடை வளையப் பாவாடையாக இல்லை. கிழிந்ததைத் தைத்ததும் பழையதைத் திருப்பித் தைத்ததுமே. 1865 மே மாதம் ஜார்ஜியாவில் ஜெபர்சன் டேவிஸ் பிடிபட்டபோது, தப்பும் அவசரத்தில் மனைவியின் மேலங்கியையும் சால்வையையும் போர்த்தியிருந்தார். வடக்கின் கேலிச்சித்திரக்காரர்கள் அதை வளையப் பாவாடையாக்கிவிட்டனர். பாவாடைக்குள் தாடியோடு ஓடும் தலைவரின் படங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. அப்போது வளையப் பாவாடை தெற்கின் அவமானச் சின்னம்! 1860களின் இறுதியில் நாகரிகமும் மாறியது. பாவாடையின் அகலம் பின்புறம் ஒதுங்கியது. எஃகு வளையங்கள் பரணுக்குப் போயின.

பரணிலிருந்து அது மீண்டும் இறங்கிய கதைதான் இந்த விவாதத்தின் உயிர்நிலை.

1894இல் கூட்டமைப்பின் மகள்கள் சங்கம் தொடங்கப்பட்டது. போரில் தோற்ற தரப்பு, நினைவில் வெல்ல முயன்றது. அடிமை முறைக்காக அன்று, மாநில உரிமைக்காகவே தெற்கு போரிட்டது; எசமானர் அன்புடையோர், அடிமைகள் மனநிறைவுடையோர் என்ற ‘இழந்த இலட்சியம்’ சிலைகளாலும் பாடநூல்களாலும் விழாக்களாலும் பரப்பப்பட்டது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த, பள்ளியிலும் இரயிலிலும் பிரித்து வைத்த சட்டங்கள் எழுந்த காலமும் அதுவே. அந்தப் பொற்காலக் கற்பனைக்கு ஓர் உடை தேவைப்பட்டது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நாட்செஸ் நகரை எடுத்துக்கொள்வோம். போருக்கு முன் பருத்தியால் கொழுத்த நகரம் அது. 1930களில் பழைய மாளிகைகளும் பழைய கடன்களும் மட்டுமே மிஞ்சியிருந்தன. 1931இல் மாநிலத் தோட்டக் கழகத்தார் மாநாட்டுக்கு வந்தபோது, காலந்தப்பிய உறைபனியில் பூக்கள் கருகிவிட, காட்ட வேறொன்றும் இல்லாமல் வீடுகளின் உட்புறத்தைத் திறந்து காட்டினர் என்று சொல்லப்படுகிறது. வந்தவர்கள் வியந்தனர். 1932இல் ‘நாட்செஸ் யாத்திரை’ முறையாகத் தொடங்கியது. வீட்டுப் பெண்கள் வளையப் பாவாடை உடுத்தி வாயிலில் நின்று வரவேற்றனர். மாலையில் அரங்கக் காட்சி, நடனம், கூட்டமைப்பின் கொடி. கறுப்பின மக்களும் அக்காட்சிகளில் இருந்தனர், களிப்போடு பாடும் அடிமைகளாக. பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிய நகரை இந்த விழாவே கரையேற்றியது. கூரை ஒழுகும் வீட்டைக் காப்பாற்றப் பாட்டியின் உடையை எடுத்து உடுத்திய பெண்களை முழுக்கப் பழிப்பது நியாயமாகாது. அவர்கள் விற்றது எதை என்பதையும் மறைக்க இயலாது.

அதே நாட்செஸில், மாளிகைகளிலிருந்து சற்றுத் தொலைவில் ‘ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்’ என்ற சாலைச் சந்திப்பு இருக்கிறது. அமெரிக்கத் தென்கோடியின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளுள் ஒன்று அது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே விற்கப்பட்டனர். 1830களில் அச்சந்தையைப் பார்த்த ஜோசப் ஹோல்ட் இங்கிரகாம் என்ற எழுத்தாளர் 1835இல் வெளியிட்ட பயண நூலில் அவர்களது உடையைக் குறிப்பிடுகிறார். விற்பனைக்கு நிற்கும் ஆண்கள் உயரவாரியாக வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தனர். நாகரிகமான கறுப்புத் தொப்பி, கார்டுராய்ச் சட்டையும் கால்சட்டையும், வெள்ளைப் பருத்தி உள்சட்டை, உறுதியான காலணி. எல்லோருக்கும் ஒரே சீருடை. வாழ்நாளில் அவர்களிற் பலருக்குக் கிடைத்த மிகச் சிறந்த உடை அதுவாகவே இருந்திருக்கும். ஆனால் விற்கப்பட்ட பின் அதைக் கழற்றி எறிவதிலோ விரைவில் கிழியவிடுவதிலோ அவர்கள் முனைந்தனர் என்கிறார் இங்கிரகாம். சந்தையிலிருந்து அண்மையில் வந்தவன் என்று அந்த உடை காட்டிக்கொடுக்கும் என்பதே காரணம்.

நாட்செஸின் ‘வரலாற்று உடை’ என்றால் இரண்டும்தான். ஒன்றை நூறாண்டு கழித்தும் பெருமையோடு எடுத்து உடுத்த ஆள் இருந்தது. மற்றொன்றை உடுத்தியவன் அடுத்த மாதமே கிழித்தெறிந்தான்.

1936இல் மார்கரெட் மிட்சலின் ‘கான் வித் த விண்ட்’ நாவலும், 1939இல் அதன் திரைப்படமும் வந்தன. வால்டர் பிளங்கெட் வடிவமைத்த உடைகள் தெற்கின் உடை இதுதான் என்று உலகத்துக்கே கற்பித்தன. சென்னைத் திரையரங்கில் அப்படத்தைப் பார்த்தவர்களுக்கும் அமெரிக்கத் தெற்கு என்றால் அப்பாவாடையே நினைவுக்கு வரும். கதாநாயகியின் இடுப்பிறுக்கியின் கயிற்றை மாமி என்ற அடிமைப் பெண் பின்னின்று இழுத்துக் கட்டும் காட்சி அதில் புகழ்பெற்றது. நகைச்சுவைக்காக வைத்த காட்சி அது. இன்றைய விவாதங்கள் மறந்துவிடும் உண்மை ஒன்றும் அதில் இருக்கிறது. முதுகுப்புறம் கயிறு கட்டும் அந்த உடையை, ஓர் ஆளின் உதவியின்றி அந்தப் பெண்ணால் உடுத்தவே முடியாது.

படத்தின் முதற்காட்சி 1939 டிசம்பர் 15இல் அட்லாண்டாவில் நடந்தது. மாமியாக நடித்த ஹாட்டி மக்டேனியலால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை; ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டங்கள் குறுக்கே நின்றன. முந்தைய நாள் இரவு மேட்டுக்குடிப் பெண்கள் சங்கம் ஒரு நடன விருந்து நடத்தியது. பண்ணை மாளிகை போன்ற பின்னணி. வளையப் பாவாடைகளில் வெள்ளைப் பெண்கள். பாடுவதற்கு எபனேசர் பாப்டிஸ்ட் திருச்சபையின் கறுப்பினப் பாடகர் குழு அழைக்கப்பட்டிருந்தது. அவர்கள் அடிமைகளைப் போல் உடுத்தி வந்து பாடினர். அக்குழுவில் திருச்சபைப் போதகரின் பத்து வயது மகனும் நின்றான். பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

அவ்விருந்துக்கு வந்தவர்களிடம் பாவாடை இனவெறிச் சின்னமா என்று யாரேனும் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள். ஆயினும் அந்த அரங்கில் யாருக்கு எந்த உடை என்பதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. 1740ஆம் ஆண்டின் பட்டியல் மனப்பாடமாகவே இருந்தது.

தெற்கின் எல்லா உடைகளையும் இந்தக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. கோடைக்காலத்தில் தெற்கத்தி ஆடவர் அணியும் ‘சீர்சக்கர்’ என்ற சுருக்கத் துணிக் கோட்டும் தெற்கின் அடையாளமே. பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொற்றொடரிலிருந்து பிறந்து, இந்தியாவிலிருந்து சென்ற துணி அது. 1996இல் மிசிசிப்பி செனட்டர் ஒருவர் அமெரிக்கச் செனட் சபையில் சீர்சக்கர் அணியும் நாள் ஒன்றையே தொடங்கினார். அதை இனவெறிச் சின்னம் என்று பெரும் எதிர்ப்பு எழவில்லை. வெயிலுக்கு உடுத்துகிறார்கள், வரலாற்றை நடிப்பதற்கு உடுத்துவதில்லை. கோழி வறுவலால் பெயர்பெற்ற கர்னல் சாண்டர்ஸின் வெள்ளைக் கோட்டு இன்னும் வேடிக்கையானது. தெற்கத்திப் பெருமகன் போல உடுத்திய அவர் பிறந்ததோ இண்டியானாவில். மறுகோடியில், கூட்டமைப்பின் படைச் சீருடையையும் கூக்ளக்ஸ் கிளானின் வெள்ளை முகமூடியையும் பற்றி விவாதமே தேவையில்லை. முன்னது அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் உடை. பின்னது கொலைகாரரின் உடை. வளையப் பாவாடை இவ்விரு கோடிகளுக்கும் நடுவே நிற்பதாலேயே அதைப் பற்றிய தீர்ப்பு கடினமாகிறது.

அக்கடினம் 2015இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. ‘கப்பா ஆல்ஃபா’ என்ற மாணவர் சகோதரக் கழகம் 1865இல் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் தோன்றியது. கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் ஈ. லீயைத் தன் ஆன்மிக வழிகாட்டியாகப் போற்றுவது. ‘பழைய தெற்கு’ என்ற பெயரில் அதன் கிளைகள் ஆண்டு விழா நடத்தி வந்தன. ஆண்கள் கூட்டமைப்புப் படையின் சீருடையில், பெண்கள் வளையப் பாவாடையில். 2010இல் கழகத்தின் தேசியத் தலைமையே சீருடைக்குத் தடை விதித்தது. 2015 மார்ச்சில் ஒக்லஹோமாவில் வேறொரு கழகத்தின் மாணவர்கள் இனவெறிப் பாடல் பாடிய காணொலி நாட்டை உலுக்கியது. அதையடுத்து ஜார்ஜியா பல்கலைக்கழக அதிகாரிகளும் கழகங்களின் தலைவர்களும் கூடிப் பேசி, வளையப் பாவாடைகளையும் விலக்கினர்.

பலர் இத்தடையை எள்ளி நகையாடினர். பேரரசி யூஜினியும் இனவெறியரா, மேரி லிங்கனும் இனவெறியரா என்று கேட்டனர். கேள்வி செல்லுபடியாகாது, யூஜினியின் நினைவாக யாரும் அங்கே ஆடவில்லை. சீருடையணிந்த ஆணின் கரத்தைப் பற்றிக்கொண்டு, பழைய தெற்கு என்ற பெயர்ப்பலகையின் கீழ் ஆடும்போது பாவாடைக்குக் கிடைக்கும் பொருள் வேறு. வரலாற்று நாடகத்தில் அதை அணியும் நடிகையும், பழைய தையல்முறையைக் கற்றுத் தாமே தைத்து உடுத்தும் ஆர்வலரும், அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையும் அந்தப் பொருளைச் சுமப்பதில்லை. மரபைப் போற்றுகிறோம் என்போர், தெற்கின் நானூறாண்டு வரலாற்றில் ஏறக்குறைய 39.5 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்த அந்தப் பத்தாண்டையே எப்போதும் தேர்ந்தெடுப்பதேன் என்ற கேள்விக்கு இதுவரை நேரான விடை தரவில்லை. ஆயினும் தடைக்கும் ஒரு குறை உண்டு. துணியை விலக்குவது எளிது என்பதால் துணி விலக்கப்பட்டது. விழாவின் கதையைத் தொடுவது கடினமாக இருந்தது.

பெயரை மாற்றுவதும் அத்தகைய எளிய வழியாகிவிடக்கூடும். 2020இல் ‘லேடி ஆன்ட்டிபெல்லம்’ என்ற நாட்டுப்புற இசைக்குழு, போருக்கு முந்தைய தெற்கைக் குறிக்கும் பின்பாதியைக் கைவிட்டு ‘லேடி ஏ’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. பழைய பாணி மாளிகை ஒன்றின்முன் படம் எடுத்தபோது அழகாகத் தோன்றிய சொல், அதன் பொருளை எண்ணவில்லை என்று வருத்தம் தெரிவித்தது. ஆனால் அதே பெயரில் நெடுங்காலமாகப் பாடிவந்த கறுப்பினப் பாடகி ஒருவர் இருந்தார். பெயருக்கான வழக்கு நீதிமன்றம் சென்றது!

மொபீல் பெண்களின் நிலை இவற்றினும் சிக்கலானது. அமெரிக்காவுக்கு வந்த கடைசி அடிமைக் கப்பல் என்று அறியப்படும் ‘க்ளோடில்டா’ 1860இல் வந்து சேர்ந்தது அந்நகரின் வளைகுடாவுக்குத்தான். அதில் கடத்தி வரப்பட்டவர்கள் விடுதலைக்குப் பின் அங்கேயே ‘ஆப்பிரிக்கா டவுன்’ என்ற குடியிருப்பை அமைத்தனர். அந்நகரத்துக் கறுப்பினப் பெண் ஒருத்தி இந்தப் பாவாடையை உடுத்தி நகரின் பிரதிநிதியாக நடக்கும்போது, அவளை ஏமாந்தவள் என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. அவளது முன்னோர்க்குச் சட்டம் மறுத்த துணியை, வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த பெருமையை அவள் எடுத்துக்கொள்கிறாள் என்றும் வாசிக்கலாம். நியூ ஆர்லியன்ஸில் மதராஸ் துணி கட்டிய பெண்களின் செயலோடு அதற்கு உறவு உண்டு. எனினும் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. தலைக்கட்டின் மடிப்பை அப்பெண்கள் தாமே வகுத்தார்கள். மொபீலின் பாவாடை வேறு யாரோ வகுத்து வைத்த கதைக்குள் அவளுக்கு ஓர் இடம் தருகிறது. அக்கதையில் க்ளோடில்டா இல்லை.

நாட்செஸில் கதை கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. அரங்கக் காட்சிகளில் அடிமைகளின் வாழ்வும் இடம்பெற்றது. 2021இல் ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட் நிலம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது.

தையல் மட்டும் கைமாறிக் கொண்டே வந்திருக்கிறது. 1953இல் ஜாக்குலின் கென்னடியின் திருமண உடையை, தந்தப் பட்டில், அகன்று விரியும் பாவாடையோடு வடிவமைத்துத் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண். அலபாமாவில் பிறந்தவர், தொழிலைத் தாயிடமும், அடிமையாகப் பிறந்த தையற்காரியான பாட்டியிடமும் கற்றவர். திருமணத்தின்போது செய்தித்தாள்கள் உடையை வியந்து எழுதின. தைத்தவரின் பெயர் பெரும்பாலும் அச்சில் வரவில்லை.

எலிசபெத் கெக்லி தம் பெயரைத் தாமே அச்சிட்டார். 1868இல் வெளியான தம் நூலில், 1865இல் சிகாகோவில் நடந்த அறநிதிக் கண்காட்சி ஒன்றைப் பார்த்ததை அவர் எழுதுகிறார். அங்கே ஜெபர்சன் டேவிஸின் மெழுகுருவம் வைக்கப்பட்டிருந்தது. பிடிபட்டபோது அணிந்திருந்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணுடை அதன்மேல் போர்த்தப்பட்டிருந்தது. கூட்டம் முண்டியடித்தது. கெக்லியும் நெருங்கிச் சென்று பார்த்தார். அது சீட்டித் துணியில் தைத்த மேலங்கி. போருக்கு முன் வாஷிங்டனில் வரீனா டேவிஸுக்குத் தாம் தைத்துக் கொடுத்ததே அது என்று அடையாளம் கண்டதாக அவர் கூறுகிறார். செய்தி பரவியதும் ஆரவாரம் எழுந்தது. மெழுகுருவத்தை விட்டுவிட்டு மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். கூட்டத்திலிருந்து வெளியேறுவதே அவருக்குப் பெரும்பாடாயிற்று.